இறப்பரும் காரீயமும் உருத்தைலும்: உயர் மின்னுழையக் கலப்புப் பொருள்கள் பற்றிய ஒரு நோக்கு

இரத்தினபுரி மாவட்டத்தின் வயல்களிலும் ஆற்றுப் படுக்கைகளிலும் இரத்தினக்கல் தோண்டுவோர், ‘இல்லம்’ எனப்படும் சரளைப் படையைக் கழுவி அரிக்கும்போது, நீலமுமன்றி வெண்மையுமன்றிப் பால் கலந்தாற்போன்று மங்கிய கற்கள் பல அகப்படுவதுண்டு. சிங்களத்திற் ‘கெவுட’ என வழங்கும் இக்கற்களை நெடுங்காலம் மதிப்பற்றவை என ஒதுக்கி வந்தனர். 1970களில் தாய்லாந்து வணிகர் இவற்றை மலிவாக வாங்கிச் சென்று, 1,500 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பநிலையில் உலையிலிட்டு, உயர்ந்த நீலக்கற்களாக்கி விற்றனர். உலையிலே புதிதாக எதுவும் சேர்க்கப்படவில்லை. உருத்தைல் எனப்படும் தைத்தேனியமீரொட்சைட்டு, கல்லினுள் நுண்ணிய ஊசிகளாகப் படிந்திருந்தமையே மங்கலுக்குக் காரணமாகும். பெருஞ்சூட்டில் அவ்வூசிகள் கரைந்து, தைத்தேனிய அணுக்கள் பளிங்கெங்கும் பரவி, ஆங்கிருந்த இரும்பணுக்களோடு கூடி நீல நிறத்தைத் தந்தன. பொருளும் அதன் அளவும் ஒன்றே. பரவியிருந்த முறை மட்டுமே வேறு.

ஈண்டு நாம் ஆராயப் புகும் விடயத்துக்கும் இக்கதைக்கும் நெருங்கிய உறவுண்டு. பல்பகுதியம் ஒன்றினுள் வேறொரு திண்மத்தின் நுண்துகள்களைப் பரப்பி, அதன் மின்னியல்புகளை வேண்டியவாறு மாற்றியமைக்கும் முயற்சி கடந்த சில பத்தாண்டுகளாக உலகின் ஆய்வுகூடங்களிற் பெருவளர்ச்சி கண்டுள்ளது. மின்காவலுக்கும் மின்சத்திச் சேமிப்புக்கும் ஏற்றனவாக ஆக்கப்படும் இவற்றை உயர் மின்னுழையக் கலப்புப் பொருள்கள் என்பர். இக்கலப்புக்கு உதவத்தக்க மூலப்பொருள்கள் மூன்று சப்பிரகமுவ மண்ணில் ஒருங்கே உள்ளன. கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் தோட்டங்களில் இறப்பர் உண்டு. கேகாலை மாவட்டத்துப் போகலைச் சுரங்கத்திலிருந்து, பாறை வெடிப்புகளில் நரம்பு நரம்பாகப் படிந்த, உலகின் மிகத் தூயவற்றுள் ஒன்றான காரீயம் எடுக்கப்படுகின்றது. (பெயரால் ஈயத்தை நினைப்பூட்டினும் காரீயம் ஈயமன்று, அது காபனின் ஒரு வடிவம்.) இரத்தினக்கல் இல்லத்தின் கனத்த மணிகளிடையே உருத்தைலும் உண்டு, புல்மோட்டைக் கடற்கரை மணலில் அது பேரளவிற் கிடைப்பதை யாவரும் அறிவர். இவற்றையெல்லாம் எண்ணி, ‘பொருள் எம்மிடம் உண்டு, கலக்க வேண்டியதே குறை’ எனப் பேசுவோர் உளர். அப்பேச்சிற் பாதி மெய். மறுபாதி எம்மை ஏமாற்றக்கூடியது. எப்பாதி எத்தகையது என்பதைப் பௌதிகத்தின் துணைகொண்டு காண்போம்.

மின்னுழையமும் அதன் மாறிலியும்

இரு உலோகத் தட்டுகளைச் சமாந்தரமாக வைத்து, அவற்றிடையே ஒரு காவலியைச் செருகினால், அத்தட்டுகள் ஏற்றத்தைக் கொள்ளும் ஆற்றல் மிகுவதை 1837ஆம் ஆண்டில் மைக்கேல் பரடே அளந்து காட்டினார். வெற்றிடத்தோடு ஒப்பிடுகையில் எத்தனை மடங்கு மிகுகின்றதோ அவ்வெண்ணே அக்காவலியின் மின்னுழைய மாறிலி. காவலியினுள் ஏற்றம் ஓடுவதில்லை. எனினும் அது வாளா இருப்பதுமில்லை. மின்புலத்தில் அகப்பட்ட மூலக்கூறுகளில் நேரேற்றம் ஒரு புறமும் மறையேற்றம் மறுபுறமுமாகச் சிறிது விலகுகின்றன. இம்முனைவாக்கம் எத்துணை எளிதில் நிகழுமோ அத்துணைக்கு மாறிலியும் பெரிதாகும்.

இறப்பரின் மூலக்கூறு காபனும் ஐதரசனும் மட்டுமே கொண்ட நீண்ட சங்கிலி. அதில் முனைவு எனத்தக்கது மிகச் சிறிது. ஆகவே தூய இறப்பரின் மாறிலி ஏறத்தாழ 2.4 ஆக நிற்கின்றது. பொலியெதிலீனுக்கு இது 2.3, பொலிப்புரொப்பிலீனுக்கு 2.2. நீலக்கல்லின் இனமாகிய குருந்தத்துக்கு 10 அளவில் உள்ளது. உருத்தைலில், பளிங்கின் எத்திசையில் அளக்கின்றோம் என்பதற்கேற்ப 86 முதல் 170 வரை வேறுபடும். பொதுக் கணக்குகளுக்கு 100 எனக் கொள்ளலாம். செயற்கையாக ஆக்கப்படும் பேரியந் தைத்தேனேற்றிலோ ஆயிரக்கணக்கில் உயரும். நீரின் மாறிலி 80. இக்கடைசி எண்ணை வாசகர் நினைவில் வைத்திருத்தல் நன்று. பின்னர் அது எமக்கு வேண்டியதாகும்.

இவ்வெண்களை ஒருங்கே நோக்குவோர்க்கு இயல்பாகவே ஓர் ஆசை எழும். வளையக்கூடியதும் மலிவானதும் உயர் மின்புலத்தைத் தாங்குவதுமான பல்பகுதியத்தோடு, மாறிலி மிகுந்த ஆனால் நொறுங்கத்தக்க கனியத்தைக் கலந்தால், இரண்டின் நன்மையும் ஒன்றாய்க் கிட்டாதோ என்பதே அது. இத்துறையில் வெளிவந்த ஆயிரக்கணக்கான கட்டுரைகளுக்கு வித்து இவ்வாசையே எனலாம்.

சத்தியின் கணக்கு

கொள்ளளவி ஒன்றின் ஒரு கன அலகிற் சேமிக்கப்படும் சத்தி, மின்னுழைய மாறிலிக்கு நேர்விகித சமமாகவும், மின்புலச் செறிவின் வர்க்கத்துக்கு நேர்விகித சமமாகவும் அமையும். மாறிலி இருமடங்கானாற் சத்தியும் இருமடங்காகும். தாங்கும் மின்புலம் இருமடங்கானாலோ சத்தி நான்கு மடங்காகும். இவ்வேறுபாட்டை மறந்தமையாலேயே பல ஆய்வுகள் திசைமாறிச் சென்றன என்பது எமது துணிபு.

எண்களைக் கொண்டு பார்ப்போம். இன்று மின்வாகனங்களின் மாற்றிகளிற் பெரிதும் பயன்படும் கொள்ளளவிகள், இரு திசையிலும் இழுத்து மெலிதாக்கிய பொலிப்புரொப்பிலீன் படலத்தால் ஆனவை. அதன் மாறிலி 2.2 மட்டுமே. எனினும் நன்கு ஆக்கப்பட்ட மெல்லிய படலம் ஒரு மைக்குரோமீற்றருக்கு 600 வோல்ற்று அளவில் தாங்கவல்லது. அப்புலத்தில் ஒரு கன சென்ரிமீற்றரில் அடங்கும் சத்தி 3.5 யூல். இனி, கனியத் துகள்களைச் செறியக் கலந்து மாறிலியைப் பத்து மடங்காக்கி 22 ஆக உயர்த்தினோம் எனவும், அதன் விளைவாகத் தாங்கும் புலம் நான்கிலொன்றாகி 150 வோல்ற்றுக்கு இறங்கியது எனவும் கொள்வோம். சத்தி 2.2 யூலே ஆகும். மாறிலி பத்து மடங்கு பெருகியும் சேமிப்பு ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறைந்துவிட்டது.

ஈய அமிலச் சேமிப்புக்கலமொன்று இதே கனவளவில் ஏறத்தாழ நூறு மடங்கு சத்தியைக் கொள்ளும் என்பதையும் இங்கே கூறிவைத்தல் வேண்டும். ஆகவே வீட்டு விளக்கை இரவு முழுவதும் எரிக்க இவ்வகைக் கொள்ளளவி உதவாது. சேமித்ததை மைக்குரோ செக்கன்களில் வெளிவிடவும், கோடிக்கணக்கான முறை சலியாது ஏற்றி இறக்கவும் வேண்டிய இடங்களே அதற்குரிய களம்.

கலவை எவ்வாறு நடந்துகொள்கின்றது

கோள வடிவான துகள்கள் ஒரு தாய்ப்பொருளில் ஐதாகப் பரவியிருக்கும்போது கலவையின் மாறிலி என்னவாகும் என்பதற்கு, 1904ஆம் ஆண்டில் மக்சுவெல் காணெற்று தந்த சூத்திரம் இன்றும் முதற்கருவியாகப் பயன்படுகின்றது. (மின்காந்தவியலின் தந்தையாகிய மக்சுவெல் வேறொருவர், இவர் பெயரால் மட்டும் அவரைத் தழுவியவர்.) மாறிலி 2.5 உடைய இறப்பரில், கனவளவின்படி 20 நூற்றுவீதம் உருத்தைலைக் கலந்தால் சூத்திரம் தரும் விடை 4.2. மாறிலி 100 ஆன பொருளை ஐந்திலொரு பங்கு சேர்த்தும் இவ்வளவுதானா என வியப்புத் தோன்றலாம். அதனினும் வியப்பு அடுத்த கணக்கில் உள்ளது. உருத்தைலுக்குப் பதிலாக மாறிலி 2,000 உள்ள பேரியந் தைத்தேனேற்றை அதே அளவிற் கலந்தால் விடை 4.4 மட்டுமே. நிரப்பியின் மாறிலி இருபது மடங்கு ஏறியும் கலவையில் ஏற்பட்ட பேறு நூற்றுக்கு நான்கு அளவினதே.

இதன் காரணம் துகளினுள் நிகழ்வதில் உள்ளது. மின்புலம், மாறிலி மிகுந்த துகளினுட் புகத் தயங்குகின்றது. மேற்கூறிய உருத்தைற் கோளத்தினுள்ளே நிலவும் புலம், வெளிப்புலத்தில் 7 நூற்றுவீதமே. உள்ளே புலமில்லையெனில் அப்பொருளின் உயர்ந்த மாறிலி வெறும் பெருமையே. தொழிற்பட அதற்கு வாய்ப்பில்லை. உள்ளே குறைந்த புலம் வேறெங்கோ கூடியாதல் வேண்டுமன்றோ? கோளத்தின் இரு முனைகளையும் ஒட்டிய இறப்பரிலே அது கூடுகின்றது. அவ்விடத்திற் புலம் சராசரியிலும் 2.9 மடங்கு. இரு துகள்கள் அருகருகே முனையோடு முனை சேர்ந்து நிற்பின் நெருக்கடி இன்னும் கடுமையாகும். அதாவது, கலவையின் எடையில் மிகச் சிறு பகுதியான, துகள்களுக்கிடையே சிக்கிய இறப்பரின் மேல் சுமை முழுவதையும் ஏற்றிவிட்டு, கனியம் சுமையின்றி நிற்கின்றது. மின்முறிவு தொடங்குவது அங்கேயே.

இக்கணக்கு எமக்கு இரு செய்திகளைச் சொல்கின்றது. முதலாவது ஆறுதலானது: குறைந்த அளவு நிரப்பியைப் பயன்படுத்தும் கலவைகளுக்கு, விலையுயர்ந்த இறக்குமதித் தைத்தேனேற்றை நாடி ஓட வேண்டியதில்லை, உள்நாட்டு உருத்தைல் ஏறக்குறைய அதே பயனைத் தரும். இரண்டாவது கசப்பானது: நிரப்பியின் மாறிலி எத்துணை உயர்ந்தது என்பதனால் வெற்றி கிட்டப்போவதில்லை. வடிவம், அடுக்கு, ஒட்டும் முறை ஆகியவையே விடயத்தைத் தீர்மானிக்கின்றன. கெவுடக் கல்லிற் கண்டது இங்கும் காணப்படுகின்றது.

காரீயத்தின் இருமுகம்

காரீயம் கடத்தியாதலால் அதனை ‘மாறிலி முடிவிலியான’ நிரப்பி எனக் கொண்டு அதே சூத்திரத்திலிட்டால், 20 நூற்றுவீதத்துக்கு விடை மீண்டும் 4.4 அளவிலேயே நிற்கின்றது. ஆயினும் செய்முறையில் வேறொன்று நிகழ்கின்றது. காரீயத் துகள்கள் கோளங்களல்ல; மெல்லிய தகடுகள். அவை ஒன்றையொன்று தொட்டுத் தொட்டு, ஒரு தட்டிலிருந்து மறுதட்டு வரை சங்கிலியாய் நீளத் தொடங்கும் அளவொன்று உண்டு. அதனைத் தொடரெல்லை என அழைப்போம். ஒழுங்கின்றிப் பரவிய கோளங்களுக்கு அறிமுறை கூறும் எல்லை கனவளவில் 16 நூற்றுவீதம் அளவினது. தகடுகளுக்கு அது பெரிதும் குறையும். காரீயத்தை ஓரணுப் படைகளாக உரித்துப் பெறும் கிராபீனைப் பொலிசுதைரீனிற் பரப்பியபோது 0.1 நூற்றுவீதத்திலேயே கடத்தல் தொடங்கியதாக 2006ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று காட்டியது.

இவ்வெல்லைக்குச் சற்றுக் கீழே நின்றால், தகடுகளுக்கிடையே மெல்லிய இறப்பர்ப் படலங்கள் எண்ணிறந்த சிறு கொள்ளளவிகளாக அமைந்து, கலவையின் மாறிலி நூற்றுக்கணக்கிற் பாய்ந்தேறும். கட்டுரைத் தலைப்புகளைக் கவர்வன இவ்வெண்களே. ஆனால் அச்சிறு படலங்கள் ஒவ்வொன்றும் தாங்கும் புலம் பெரிது, கசிவோட்டமும் பெரிது, கலக்கும்போது அளவு ஒரு சிறிது மிகுந்தாற் காவலி கடத்தியாகிவிடும். எல்லையோரத்தில் நின்று பெறும் மாறிலி, உணர்கருவிகளுக்கும் தாழ்ந்த அழுத்த வேலைகளுக்கும் பயன்படலாம். உயரழுத்தக் காவலாகவோ சத்திச் சேமிப்பாகவோ அதனைப் புகழ்வது பொருந்தாது.

இவ்வெல்லை பற்றிய செய்முறை அறிவு எமது நாட்டுக்குப் புதிதன்று. இலங்கையின் திண்ம ரயர்த் தொழிற்சாலைகள் இறப்பரோடு காபன் கரியை நாள்தோறும் கலக்கின்றன. கரி மிகுந்த கறுப்பு ரயர் நிலைமின்னை நிலத்துக்குக் கடத்திவிடும். தரையிற் கறை படாதிருத்தற்பொருட்டுக் கரிக்குப் பதிலாகச் சிலிக்கா கலந்து ஆக்கப்படும் வெளிறிய ரயரோ காவலியாய் நின்று நிலைமின்னைத் தேக்கிவைக்கும். ஒரே தாய்ப்பொருள் நிரப்பிக்கேற்ப இரு வேறு இயல்பு கொள்வதற்கு இதனினும் எளிய சான்று வேண்டியதில்லை.

காரீயத்தகடுகளைக் காவல் உறையிட்டுப் பிரித்து வைத்தல், அவற்றை மின்புலத்துக்குச் செங்குத்தான படைகளாக அடுக்குதல் என்பன இன்று முயலப்படும் வழிகள். படையாய் அடுக்கிய தகடு, முறிவுப் பாதைக்கு இடப்பட்ட வேலி போன்றது. பாதை நேரே செல்லவியலாது வளைந்து வளைந்து செல்லவேண்டியதாகின்றது. 2015ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனிய அரசப் பல்கலைக்கழகத்தார், போரன் நைத்திரைட்டுத் தகடுகளை இவ்வாறு பல்பகுதியத்தில் இட்டு, பொலிப்புரொப்பிலீன் தளர்ந்துபோகும் வெப்பநிலைகளிலும் சத்தியைத் தாங்கும் படலத்தை ஆக்கினர். போரன் நைத்திரைட்டின் மாறிலி உயர்ந்ததன்று, 4 அளவினதே. வெற்றி வந்தது மாறிலியை ஏற்றியதனாலன்று, முறிவைத் தடுத்ததனாலும் வெப்பத்தை வெளியேற்றியதனாலுமாகும்.

இடைமுகமும் ஈரமும்

துகள் சிறுக்கச் சிறுக்க அதன் மேற்பரப்பு பெருகும். ஒரு கன சென்ரிமீற்றர் நிரப்பியை ஒரு மைக்குரோமீற்றர் விட்டமுள்ள கோளங்களாக்கினால் அவற்றின் மொத்த மேற்பரப்பு 6 சதுர மீற்றர். 20 நனோமீற்றர்க் கோளங்களாக்கினால் 300 சதுர மீற்றர். இந்நிலையிற் கலவை இரு பொருள்களால் ஆனது என்பதிலும், துகளுமன்றி இறப்பருமன்றி இரண்டும் சந்திக்கும் இடைமுகத்தால் ஆனது என்பதே பொருத்தம். 1994ஆம் ஆண்டில் பிரித்தானிய அறிஞர் லூயிசு இதனை முன்னுணர்ந்து எழுதினார். துகளின் மேற்பரப்பு இறப்பரோடு வேதிப்பிணைப்பாற் பற்றியிருப்பின் இடைமுகம் பலமாகும். பற்றாது வெறுமனே ஒட்டியிருப்பின், இடுக்கிலே காற்றும் நீரும் குடிபுகும்.

நீரைப் பற்றி எச்சரித்தது இதன்பொருட்டே. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 3,700 மில்லிமீற்றர் மழை பெறும் இரத்தினபுரியில், காற்று வறண்டிருக்கும் நாள்கள் சிலவே. இடைமுகங்களிற் புகுந்த நீர்ப்படலம் மாறிலி 80 உடையதாதலால் அளவுகருவியிற் கலவையின் மாறிலி உயர்ந்தே தோன்றும். ஆய்வாளர் மகிழ்ந்து எழுதிய சில உயர்ந்த பெறுமானங்களுள் நீரின் பங்கு எவ்வளவு எனக் கேட்கத் தோன்றுகின்றது. மெய்யில் அந்நீர் கரைந்த அயன்களைச் சுமந்து சென்று இழப்பைக் கூட்டி, வெப்பத்தை எழுப்பி, முடிவில் முறிவை வரவழைக்கும். வறண்ட நாட்டு ஆய்வுகூடத்தில் அளந்த எண்ணைக் கொண்டு, எமது நாட்டிற் கருவியொன்றை இருபது ஆண்டு நம்பியிருத்தல் ஆகாது.

வடத்தின் முனையில்

இதுவரை கூறியவற்றால், உயர் மாறிலிக் கலப்புகள் பயனற்றவை என்ற எண்ணம் வாசகர்க்கு எழலாகாது. அவை ஐயத்துக்கிடமின்றிப் பயன்படும் இடமொன்று உண்டு. எமது நாட்டின் 11 கிலோவோல்ற்று, 33 கிலோவோல்ற்று நிலக்கீழ் வடங்களில், கடத்தியைச் சூழக் காவலும், காவலைச் சூழப் புவியோடு இணைத்த திரையும் உள்ளன. வடம் முடியுமிடத்தில், நிலைமாற்றியோடு இணைத்தற்காக, அத்திரையைச் சிறிது தொலைவுக்கு வெட்டி நீக்கவேண்டும். வெட்டிய விளிம்பிலே புலக்கோடுகள் யாவும் வந்து குவிகின்றன. காற்று மில்லிமீற்றருக்கு 3 கிலோவோல்ற்று அளவிலே முறிவதாதலால், அவ்விளிம்பிற் சிறு மின்னிறக்கங்கள் ஓயாது நிகழ்ந்து காவலை அரித்துவிடும்.

இதற்கு மருந்தாக, மாறிலி 15 முதல் 30 வரை உள்ள இறப்பர்க் கலப்புக் குழாயொன்றை விளிம்பை மூடி இறுக அணிவிப்பர். காபன் கரியோ தைத்தேனேற்றோ நாக ஒட்சைட்டோ கலந்து அக்குழாய் ஆக்கப்படும். ஓர் ஊடகத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும்போது புலக்கோடு முறிந்து திரும்பும். மாறிலி மிகுந்த ஊடகத்தில் அது பரப்பை ஒட்டிச் சாயும். இதனால் விளிம்பிற் குவிந்திருந்த அழுத்த வீழ்ச்சி குழாயின் நீளத்துக்குப் பரவிவிடுகின்றது. கவனிக்குக: இங்கே கலப்புப் பொருள் சத்தியைச் சேமிக்க முயலவில்லை, புலத்தைத் தன்மேல் வாங்காது வழிதிருப்பிவிடுகின்றது. துகளினுட் புகத் தயங்கும் புலத்தின் இயல்பு, சேமிப்பிற் குறையாக நின்றது, இங்கே குணமாகின்றது. மாரிகளுக்கிடைப்பட்ட காலங்களில் இடி மின்னல் மிகுந்த சப்பிரகமுவ மலைச்சாரல்களில், மின்வழிகளின் முனைகள் தாங்கவேண்டிய அழுத்த எழுச்சிகளை எண்ணுகையில் இச்சிறு குழாயின் அருமை புலப்படும்.

பாலிலிருந்து படலம் வரை

பிறேசிலிலிருந்து விக்கம் சேகரித்த விதைகளின் வழி வந்த இறப்பர்க் கன்றுகள் 1876ஆம் ஆண்டில் இலண்டன் கியூ பூங்காவிலிருந்து இலங்கையின் ஹெனரத்கொடைக்கு வந்தன. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வீட்டு மின்கம்பிகள் வல்கனைசுப்படுத்திய இறப்பரையே உறையாகக் கொண்டிருந்தன. பின்னர் பொலிவைனைல் குளோரைட்டும் பொலியெதிலீனும் அதன் இடத்தைப் பிடித்தன. விலையும் ஒட்சியேற்றத்தால் வெடித்துப் போவதும் மட்டுமே இதற்குக் காரணமல்ல. இயற்கை இறப்பர் வெறும் ஐதரோகாபன் அன்று. காய்ந்த இறப்பரில் 2 முதல் 3 நூற்றுவீதம் வரை புரதம் உண்டு. அது நீரை உறிஞ்சும். சாம்பல் உண்டு, மரப்பட்டைத் துணுக்கும் மணலும் உண்டு.

விடியலிற் பால் வெட்டச் செல்லும் தொழிலாளியின் கையில் இக்கதையின் பெரும்பகுதி தங்கியுள்ளது. இரவு பெய்த மழை மரத்தினின்று வழிந்து பட்டைத்தூளைச் சிரட்டைக்குள் இறக்கும். சிரட்டையைத் துடைத்து வைத்தாரா, வெட்டிலே படிந்த ஒட்டுப்பாலை வேறாக எடுத்தாரா, பாலை வடித்து ஊற்றினாரா என்பவையெல்லாம் இறுதியில் இறப்பருள் எஞ்சும் அழுக்கின் அளவாகின்றன. அவ்வழுக்கைச் சந்தை எவ்வாறு அளக்கின்றது? தொகுதி இறப்பருக்கான பன்னாட்டு நியமத்தில், இறப்பரைக் கரைத்து, 45 மைக்குரோமீற்றர்க் கண்ணுள்ள அரிதட்டில் வடித்து, எஞ்சியதை நிறுக்கின்றனர். தரம் 5 எனப்படும் உயர்ந்த வகைக்கு அது 0.05 நூற்றுவீதத்தைத் தாண்டலாகாது, சாம்பல் 0.6 நூற்றுவீதத்தைத் தாண்டலாகாது. ரயருக்கு இது போதும். ஆனால் 10 மைக்குரோமீற்றர்த் தடிப்புள்ள மின்னுழையப் படலமொன்றை எண்ணிப் பாருங்கள். அரிதட்டின் கண்ணுக்குத் தப்பிய 40 மைக்குரோமீற்றர் மணற்றுகள், அப்படலத்தின் தடிப்பினும் நான்கு மடங்கு பெரிது. கொள்ளளவிக்கான பொலிப்புரொப்பிலீனிற் சாம்பல், பத்து இலட்சத்திற் சில பத்துப் பங்குகளுக்குள் அடக்கப்படுகின்றது, இறப்பரின் 0.6 நூற்றுவீதம் என்பதோ பத்து இலட்சத்தில் 6,000 பங்கு.

‘பொருள் எம்மிடம் உண்டு’ என்ற பேச்சின் ஏமாற்றும் பாதி இதுவே. எம்மிடமுள்ளது இறப்பர், மின்னுழையத் தரமுள்ள இறப்பரன்று. இரண்டுக்குமிடையிலுள்ள தொலைவைக் கடப்பது சுத்தத்தின் வேலை. அவ்வேலையைச் செய்யும் கைகளுக்கோ, பால் எத்தனை கிலோ என்பதைத் தவிர, எவ்வளவு தூயது என்பதற்கு மின்னியல் நோக்கில் விலை தரும் சந்தை எதுவும் இல்லை. தோட்டத்துப் பால் வெட்டுநரின் திறனை உடலுழைப்பாக மட்டும் எண்ணும் வழக்கம், பொருளியலில் அநீதி என்பது ஒருபுறமிருக்க, பொருள் விஞ்ஞானத்திலும் பிழையானது.

எனினும் தொலைவு கடத்தற்கு அரியதன்று. கிரேப்பு இறப்பர் ஆக்கும் ஆலைகளில், பாலை ஒரே முறையில் உறையவிடாது, நிறமும் இறப்பரல்லாத பொருள்களும் மிகுந்த முற்பகுதியை வேறாக உறையச் செய்து நீக்கிவிட்டு, எஞ்சியதைப் போமிக்கமிலத்தால் உறையவைத்து, உருளைகளிடையே ஏராளமான நீர்விட்டுக் கழுவும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. புரதத்தை நொதியங்களாற் சிதைத்து அகற்றும் முறையும் உண்டு. பப்பாசிப் பாலிலிருந்து பெறும் பப்பயின் அத்தகைய நொதியங்களுள் ஒன்று. இவ்வாறு புரதம் நீங்கிய இறப்பர் குறைந்த அளவு நீரையே உறிஞ்சும்.

தூய்மையான இறப்பர்ப் படலத்துக்குப் பொலிப்புரொப்பிலீனிடம் இல்லாத ஒரு பண்பும் உண்டு. அது நீண்டு மீளும். நீட்டி மெலிந்த நிலையில் ஏற்றமிட்டு, பின் தளரவிட்டால், படலம் தடித்துக் கொள்ளளவம் குறைய, அதே ஏற்றம் உயர்ந்த அழுத்தத்தில் நிற்கும். நீட்டச் செலவான பொறிமுறை வேலையின் ஒரு பகுதி மின்சத்தியாகக் கிடைக்கும். கடலலை போன்ற மெதுவான அசைவுகளிலிருந்து மின் பெறுவதற்கு இயற்கை இறப்பர் சிறந்த பொருளெனும் முடிவை, 2014ஆம் ஆண்டில் ஒஸ்திரியாவின் லின்சுப் பல்கலைக்கழக ஆய்வாளர் வெளியிட்டனர். இங்கும் வேண்டப்படுவது மாறிலியைக் கண்மூடி ஏற்றுவதன்று. முறிவின்றியும் கிழிவின்றியும் பல இலட்சம் முறை நீளும் படலமே.

தமிழ்மொழி மூலம் உயர்தர விஞ்ஞானப் பிரிவு நடைபெறும் பாடசாலைகள் சப்பிரகமுவ மாகாணத்தில் மிகச் சில. இறப்பர் மரங்களிடையே வளரும் மாணவர், இறப்பரின் பௌதிகத்தைத் தம் மொழியிற் படிக்கும் வாய்ப்பின்றியே பள்ளியை விட்டு நீங்குகின்றனர். இவ்விடத்தில், பெரிய நிதியின்றிப் பல்கலைக்கழக மட்டத்திற் செய்யத்தக்க ஓர் ஆய்வை முன்மொழிகின்றோம். பெலிஹுல்ஓயாவிலுள்ள சப்பிரகமுவப் பல்கலைக்கழகம் தோட்டங்களுக்கு அண்மையிலேயே உள்ளது.

முதற்றரப் புகையூட்டிய தாளிறப்பர், வெண்கிரேப்பு, நொதியத்தாற் புரதம் நீக்கிய இறப்பர் ஆகிய மூன்றையும் எடுத்துக்கொள்க. ஒவ்வொன்றிலும் நிரப்பியில்லாத மாதிரி ஒன்று, கனவளவில் 10 நூற்றுவீதம் உருத்தைல் கலந்தது ஒன்று, 2 நூற்றுவீதம் காரீயம் கலந்தது ஒன்று என ஒன்பது மாதிரிகள் ஆகும். அவற்றை ஒரே தடிப்புள்ள தாள்களாக அழுத்தி வல்கனைசுப்படுத்துக. முதலில் உலர்த்திய நிலையில் மாறிலியையும் இழப்பையும் 50 ஏட்சு மீடிறனிலும் அதற்கு மேற்பட்ட சில மீடிறன்களிலும் அளக்க. பின் ஒரு கிழமை ஈரம் மிகுந்த கூண்டில் வைத்து மீண்டும் அளக்க. உலர்ந்த மாறிலிக்கும் நனைந்த மாறிலிக்கும் உள்ள வேறுபாடு, அம்மாதிரியினுட் புகுந்த நீரின் கணக்கு. அதன்பின் ஒவ்வொரு மாதிரியிலும் இருபது துண்டுகளுக்குக் குறையாது எண்ணெயில் அமிழ்த்தி முறிவழுத்தத்தைக் காண்க. முறிவு என்பது சராசரியைச் சாராது மிக நலிந்த இடத்தைச் சாரும் நிகழ்ச்சியாதலால், சராசரிப் பெறுமானத்தை மட்டும் தந்து நிறுத்தாது, வைபுல் பரம்பலின்படி இருபது பெறுமானங்களின் சிதறலையும் வரைதல் வேண்டும். முறிந்த துண்டுகளையும் எறிந்துவிடலாகாது. துளை விழுந்த இடத்தை நுணுக்குக்காட்டியின்கீழ் வைத்து, அங்கே இருந்தது காற்றுக் குமிழா, கட்டியாய்த் திரண்ட உருத்தைலா, குறுக்கே நின்ற காரீயத்தகடா, அன்றிச் சிரட்டையில் விழுந்த பட்டைத் துணுக்கா என்பதைத் துண்டு துண்டாகக் குறித்து வைத்தல் வேண்டும்.